மத்தியதரைக் குளத்துக் கொடி

துணி காயப்போட்ட குற்றத்துக்காக ஜைனுதீனுக்கு வந்த கடிதம் மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கம் குடும்பத்தார் அனைவரின் நலனையும் அன்போடு விசாரித்தது. இரண்டாம் பக்கம் விதி 9.4-ஐ முழுசாக எடுத்துப் போட்டிருந்தது. மூன்றிலும் நான்கிலும் வண்ணப் புகைப்படங்கள். ‘இணைப்பு அ: பின்பக்க பால்கனி, பொதுத் தோற்றம்.’ ‘இணைப்பு ஆ: பனியன், அருகிலிருந்து.’ பனியனில் அக்குளுக்குக் கீழே இருந்த ஓட்டையைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். ஓட்டையும் விதிமீறலில் சேர்த்தியா, இல்லை அக்கம்பக்கத்து அக்கறையா என்று கடைசிவரை அவனுக்குப் புரியவில்லை.

டெக்சஸில், ஃபிரிஸ்கோ ஊரில், ஆறேழு வருஷம் முன்புவரை மாடு மேய்ந்த இடத்தில் எழுந்த குடியிருப்பு அது. பெயர் போர்ட்டோ பெல்லிஸிமோ. கடல் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும் என்பதால், கட்டியவர்கள் மத்தியதரைக் கடலையே கொண்டுவந்துவிட்டார்கள். தெருக்களுக்கு சான்டோரினி லேன், கேப்ரி கோர்ட் என்று பெயர். வீடுகளுக்கு வெளிர்மஞ்சள் சுவர், செம்மண் நிற ஓடு, பின்னால் ஒரு பால்கனி. பால்கனிகள் எல்லாம் ஒரு குளத்தைப் பார்த்திருந்தன. நகரசபை வரைபடத்தில் அதன் பெயர் ‘மழைநீர் வடிகால் குளம், எண் ஆறு’. குடியிருப்பின் விதிப்புத்தகத்தில் அதன் பெயர் ‘மத்தியதரைக் கடல்’.

விதிப்புத்தகம் ஹெச்.ஓ.ஏ. போட்டது. ஹெச்.ஓ.ஏ. என்றால் வீட்டு உரிமையாளர்கள் சங்கம். வீடு உன்னுடையது, அதன் நிறம் அவர்களுடையது. புல் உன்னுடையது, அதன் உயரம் அவர்களுடையது. 2006 கோடையில் மழையே இல்லை. புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று நகரசபை சொன்னது. புல் பச்சையாக இருந்தாக வேண்டும் என்று ஹெச்.ஓ.ஏ. சொன்னது. ஜைனுதீன் இரண்டு பேருக்கும் கட்டுப்பட்டவன். ஆள் வைத்துப் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்தான்.

அவனுக்குச் சண்டை வராது. டேட்டாபேஸ் பார்க்கிற வேலை, ஹெச்-1பி விசா, மூன்று வருஷமாக நகராத கிரீன் கார்டு. வக்கீல் அனுப்பும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் போட்டு, எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனாக ஆகிவிட்டிருந்தான். கடிதத்தை மடித்துவிட்டு மனைவியிடம், “டிரையர்தான் இருக்கே, கொடியக் கழட்டிடுவோம்” என்றான்.

மெஹர் நிஷா துவரம்பருப்பு டப்பாவை டொக்கென்று மூடினாள். அவள் டப்பா மூடும் சத்தமே பெரிய பதில்.

கொடி என்பது ஒரு நீல நைலான் கயிறு. கீழக்கரையில் விசைப்படகு சாமான் கடை வைத்திருக்கும் அவள் தம்பி, சீர் மாதிரி பெட்டியில் வைத்து அனுப்பியது. தினம் பதினொரு மணிக்கு மெஹர் நிஷா பால்கனியில் துணி காயப்போடுவாள். அதே பதினொரு மணிக்குப் பன்னிரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டுப் பால்கனிக்குப் பர்வதம் காபியோடு வருவாள். பர்வதத்தின் கணவர் ராமசுப்ரமணியன் திங்கட்கிழமை ஃபீனிக்ஸுக்கு ஃப்ளைட் ஏறினால் வியாழன்தான் வருவார். மெஹர் நிஷாவுக்கு வேலை பார்க்க விசா இல்லை, ஓட்டக் கார் இல்லை. பால் வாங்க வேண்டுமென்றாலும் ஃப்ரீவே நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும். ஐந்து துணி காயப்போட இருவருக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

“கொடி இல்லாட்டி என்ன, சும்மா போய் நின்னு பேசுங்களேன்” என்றான் ஜைனுதீன்.

“சும்மா போய் நிக்க முடியுமா மச்சான்? கையில ஒரு வேலை இருந்தாத்தானே பேச்சு வரும்.”

“போன் பண்ணு.”

“போன் பண்ணா, என்ன விஷயம்னு கேப்பாங்க. கொடியில விஷயமே வேணாம்.”

 கொடி போனால் எது போகும் என்று அவனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆகவே, வாழ்க்கையில் முதல்முறையாக, அப்பீல் பண்ணுவது என்று முடிவெடுத்தான்.

அப்பீலுக்கு வழி சொன்னவர் இரண்டு வீடு தள்ளியிருந்த கஸ்தூரிரங்கன். ஹெச்.ஓ.ஏ.வின் கட்டடத் தோற்றக் கமிட்டிக்குத் தலைவர். கமிட்டியில் இருக்கும் ஒரே தமிழர் என்பதால், தமிழர்களிடம் இரண்டு மடங்கு கண்டிப்பாக இருப்பார். சலுகை காட்டினார் என்று பெயர் வந்துவிடக்கூடாதாம். மனைவி மகளின் பிரசவத்துக்கு எடிசன் ஊருக்குப் போய் ஏழு மாதம். அதிலிருந்து விதிப்புத்தகத்தை இன்னும் நன்றாகப் படித்திருந்தார்.

“பாருங்கோ ஜைனுதீன், இந்தியான்னு நெனச்சு இங்க இருக்கப்படாது” என்றார். “ஆனா ஃபார்ம் ட்வென்ட்டி டூ ஃபில் பண்ணிக் குடுத்தா கமிட்டி கன்சிடர் பண்ணும். நான் பர்சனலா எதிர்த்துதான் ஓட்டுப் போடுவேன். மனசுல வெச்சுக்காதீங்கோ.”

ஃபார்ம் இருபத்திரண்டை நிரப்பியது மகள் அஸ்ஃபியா. ஒன்பது வயது. வீட்டில் அவள் கையெழுத்துத்தான் அழகு. ‘பால்கனியில் அமைக்க விரும்புவது என்ன?’ என்று படிவத்தில் ஒரு கட்டம். சமையலறையைப் பார்த்து, “உம்மா, பால்கனில இருக்கே, வாட் டூ யு கால் தட்?” என்று கேட்டாள். “கொடிம்மா” என்று பதில் வந்தது. அஸ்ஃபியா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நல்ல மாணவி. பாடப்புத்தகத்தில் ‘கொ’வுக்குக் கொடி, பக்கத்தில் மூவர்ணத்தில் படம். அவள் ஆங்கிலத்தில் ‘தேசியக் கொடி போன்ற கொடி’ என்று எழுதினாள். ‘எத்தனை?’ என்ற கட்டத்தில், அன்றைக்குக் காய்ந்துகொண்டிருந்ததை எண்ணிப் ‘பதினான்கு’ என்று போட்டாள். ஜைனுதீன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

நான்கே நாளில் அனுமதி வந்துவிட்டது. ஹெச்.ஓ.ஏ. வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் அனுமதிக்கப்பட்டதில்லை. ‘மத்தியதரை மரபைக் கௌரவிக்கும் தங்கள் பதினான்கு கொடிகளைக் கண்டு கமிட்டி நெகிழ்ந்தது. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, மத்தியதரை தினத்தன்று, அனைத்துக் கொடிகளும் கட்டாயம் பறக்க வேண்டும். தவறினால் விதிமீறல்.’ கீழே ஹெச்.ஓ.ஏ.வின் தலைவர் டாக்டர் வேய்ன் டில்மன் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘தங்கள் குடும்பப் பெயர் மாரிகார் என்று கண்டேன். மாரே என்றால் லத்தீனில் கடல். தாங்கள் இத்தாலியரா?’

அவன் பாஸ்போர்ட்டில் இருந்தது மரைக்காயர். கீழக்கரையில் அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டிய வம்சம் என்று அர்த்தம். ஜைனுதீனுக்கு ராமேஸ்வரம் பாலத்தில் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். ஆனாலும் உறையில் ஓர் அழைப்பிதழ் இருந்தது. அன்றைய தினம் ஹெச்.ஓ.ஏ.வின் சொந்த உல்லாசப் படகான ஆடம்பர யாட்டில், மத்தியதரைக் கடற்கரை நெடுக ஒரு நாள் பயணம். அந்தச் சொல்லை அவன் முதலில் ‘யாச்ட்’ என்று படித்தான். அடியில், ‘பாஸ்போர்ட் அவசியம்’ என்றிருந்தது.

“இப்ப என்ன பண்றது?” என்றாள் மெஹர் நிஷா. “கொடியக் காலியா விட்டா தப்பு. துணி போட்டாலும் தப்பு.”

“கலர் கலரா போடு. தூரத்துலேர்ந்து பாத்தா கொடி மாதிரி இருக்கட்டும்.”

*

ஆகஸ்ட் பத்தொன்பது, சனிக்கிழமை. வெயில் நூற்று நான்கு டிகிரி. யாட் என்பது ஒரு தட்டை மிதவைப் படகு. அதன் முன்னால் கப்பல் மூக்கு மாதிரி ஒட்டுப்பலகை அடித்து வெள்ளை பூசியிருந்தார்கள். பெயர் ‘சினோரா டார்லீன்’. டார்லீன் என்பது தலைவரின் மனைவி, அவர் வரவில்லை. அவருக்கு வெயில் ஆகாது, ஹெச்.ஓ.ஏ.வும் ஆகாது என்று பொருளாளர் ரகசியமாகச் சொன்னார்.

படகுத்துறையில் செயலாளர் அம்மாள் மடக்கு மேசை போட்டு, ரப்பர் ஸ்டாம்போடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஹெச்.ஓ.ஏ. விற்ற நீலநிற நினைவுப் புத்தகத்தை நீட்டினார்கள். பாஸ்போர்ட் என்றால் அதுதான். ஜைனுதீன் தன் கோப்பை நீட்டினான். இந்தியப் பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 சீட்டு, விசா அனுமதிக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.இ. சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நான்கு. ஹெச்-1பி விசாக்காரனிடம் பாஸ்போர்ட் கொண்டுவா என்று யார் சொன்னாலும் இத்தனையும்தான் வரும்.

செயலாளர் அம்மாளை அதுவரை யாரும் இவ்வளவு மதித்ததில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பி.இ. மார்க் உட்பட எல்லாவற்றையும் பார்த்தார். திருப்தியாகி, நங்கூரம் போட்ட மொனாக்கோ துறைமுக முத்திரையை உண்மையான பாஸ்போர்ட்டை நோக்கி ஓங்கினார். மறுபடி விசா முத்திரைக்குச் சென்னையில் வரிசையில் நின்று, இந்த மொனாக்கோ எப்படி வந்தது என்று விளக்கும் காட்சி ஜைனுதீனின் கண்ணில் ஓடியது. கையைக் குறுக்கே கொடுத்தான். முத்திரை மணிக்கட்டில் விழுந்தது.

ஓய்வுக்கு இடையூறு என்று செல்போன்களை ஒரு கூடையில் வாங்கித் துறையிலேயே வைத்துவிட்டார்கள். டாக்டர் டில்மன் காப்டன் தொப்பியில் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார். ஜைனுதீனின் வாயைப் பார்த்துவிட்டு, சுக்கானை அவனிடம் ஒப்படைத்தார். மாரிகார் குடும்பத்தவர் இருக்கும்போது தான் ஓட்டுவது மரியாதை அல்ல என்றார். மறுப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

குளத்தைச் சுற்றப் பதினொரு நிமிடம் ஆகும். நிகழ்ச்சி நிரல் ஆறு மணி நேரத்துக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே சுற்றிச் சுற்றி வந்தார்கள். பம்ப் அறை மொனாக்கோ. தபால்பெட்டிகள் வரிசையாக நின்ற இடம் ஏதென்ஸ். மழையில்லாததால் குளம் பாதியாகச் சுருங்கி, கரையோரம் சேறு தெரிந்தது. அதற்கு நிகழ்ச்சி நிரலில் ‘கடற்கரை மணல்’ என்று பெயர்.

மூன்றாவது சுற்றில் தலைவர் உரையாற்றினார்.

“நண்பர்களே, நான் மத்தியதரைக் கடலுக்குப் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை. படத்தில் பார்த்தேன், வருத்தமாக இருந்தது. ஒரு வீடு மஞ்சள், அடுத்த வீடு ரோஸ், அதற்கடுத்த வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. கேட்க ஆளில்லை. மூவாயிரம் வருஷமாக அங்கே குடியிருக்கிறார்கள், இன்னும் ஒரு கமிட்டி போடத் தெரியவில்லை. தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்களாம். நம்மிடம் அந்தக் குறை கிடையாது. நான் தலைவராகி ஐந்து வருஷத்தில், நம் தெருவில் ஒரு மனிதர் வெளியே நின்று நான் பார்த்ததில்லை. இதைவிடச் சுத்தமான மத்தியதரைக் கடற்கரை உலகத்தில் எங்கே இருக்கிறது?”

கஸ்தூரிரங்கன் எல்லோரையும்விட ஒரு விநாடி அதிகமாகக் கைதட்டினார்.

சுற்றுக்கு ஒரு துறைமுகத்தைத்தான் பார்க்கலாம் என்று நிரல்; இந்தச் சுற்றுக்கு மூன்றாவது துறைமுகம். நேப்பிள்ஸ். அது ஜைனுதீன் வீட்டுப் பின்புறம்.

மெஹர் நிஷா சொன்னபடி செய்திருந்தாள். பால்கனியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பச்சைத் துப்பட்டா, மஞ்சள் துப்பட்டா, ரோஸ் படுக்கைவிரிப்பு, அஸ்ஃபியாவின் புள்ளி போட்ட கவுன். மொத்தப் போர்ட்டோ பெல்லிஸிமோவிலும் காற்றில் அசைந்தது அது ஒன்றுதான். தலைவர் பைனாகுலரை எடுத்தார். 

“அற்புதம்” என்றார். “பச்சை இத்தாலியா? அந்தக் கடைசியில் நீலக் கட்டம் போட்டது கிரீஸாகத்தான் இருக்க வேண்டும்.”

அவர் தொப்பியில் கைவைத்து, நீலக் கட்டத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். பொருளாளரும் செயலாளரும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்கள். துணி குறைகிறதே என்று பதினான்காவதாக மெஹர் நிஷா எடுத்துப் போட்டது அது.

கஸ்தூரிரங்கனும் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சுக்கான் பக்கம் வந்தார்.

“ஜைனுதீன், அது கைலிதானே?”

“ஆமா சார்.”

“ஃபார்ம்ல ஃப்ளாக்னு இருந்துதே.”

“பொண்ணு எழுதினா சார். அவ உம்மா கொடின்னு சொல்லியிருக்கா. தமிழ் கிளாஸ்ல கொடின்னா...”

கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார். ஓரமாக உதடு துடித்தது. அந்த ஒரு கணம் அவர் சிரித்துவிடுவார் என்று ஜைனுதீன் நம்பினான். ஆனால் கண்ணைத் திறந்தது கட்டடத் தோற்றக் கமிட்டியின் தலைவர்.

அவர் திரும்பி, மனச்சாட்சி உறுத்துவதாகச் சபைக்குத் தெரிவித்தார். கிரீஸ் தேசத்துக்கு வைத்த சல்யூட் இடுப்பில் கட்டும் துணிக்குப் போய்விட்டது என்றார். அவருடைய தாய்மொழியில் கொடி என்ற ஒரே சொல் பறக்கும் கொடியையும் குறிக்கும், படரும் கொடியையும் குறிக்கும், துணி காயும் கயிற்றையும் குறிக்கும் என்று விளக்கினார். தலைவர் திடுக்கிட்டார்.

“ஒரே சொல்லுக்கு மூன்று உபயோகமா? உங்கள் மொழிக்குக் கமிட்டி ஏதும் இல்லையா?”

“படரும் கொடிக்குப் பட்டியலில் அனுமதி உண்டு” என்றார் செயலாளர் அம்மாள், விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே.

“கை வைத்த சட்டை படர்வதில்லை” என்றார் பொருளாளர்.

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் விண்ணப்பதாரரின் வாக்குமூலத்தைக் கேட்பது என்று முடிவானது. வாக்குமூலம் கொடுப்பவர் சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, வலது கையை உயர்த்தி, இடது கையை விதிப்புத்தகத்தின் மேல் வைக்க வேண்டும். விதி 3.1. ஜைனுதீன் சுக்கானிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்க விதி இல்லை.

அவன் ராத்திரி முழுக்க ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்தான்: மின்சாரச் சிக்கனம், சூரிய ஒளி, டெக்சஸ் வெயிலின் மகிமை. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்ததைச் சொன்னான். துணி டிரையரிலும் காயும் என்றான். எட்டு வருஷமாகத் தன் மனைவி இந்த நாட்டில் இருக்கிறாள், பேச அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் பன்னிரண்டடி தள்ளி இருக்கிறாள் என்றான். துணி இல்லாமல் போய் நின்றால் வேலையில்லாமல் நிற்பது போல இருக்கும், துணியோடு நின்றால் துணி காயப்போடுவது போல இருக்கும் என்றான்.

“அது கயிறு இல்லை, ஐயா. அது அவளுக்கு நாற்காலி” என்று முடித்தான்.

 செயலாளர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு, குறிப்பேட்டில் பேனாவால் சும்மா கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொந்தமாகத் தனக்கு வருத்தம்தான், ஆனால் தலைவராகத் தனக்கு வருத்தப்பட அதிகாரம் இல்லை என்றார். கொடியை அகற்றுவதற்கான தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

கைகள் பாதி எழுந்தபோது சினோரா டார்லீன் சேற்றில் ஏறி உட்கார்ந்தது.

கரைக்கு இருபது அடி. தண்ணீர் முழங்காலுக்கும் வராது. பக்கத்தில் ஒரு வாத்து போனது. நீந்தவில்லை, நடந்து போனது. எஞ்சினை முடுக்கினால் சேறு மட்டும் கிளம்பியது. இறங்கித் தள்ளலாமா என்று ஜைனுதீன் கேட்டான். விதி 11.1 மத்தியதரைக் கடலில் மனிதர் கால் வைப்பதைத் தடுக்கிறது என்று கஸ்தூரிரங்கன் நினைவுபடுத்தினார். அந்த விதியை எழுதியவரும் அவர்தான். தலைவர் ஆமோதித்தார், இது கடல், கடலில் யாரும் நடந்து போவதில்லை என்றார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. எலுமிச்சை ஜூஸ் தீர்ந்தது. தலைவரின் காது தக்காளி நிறத்துக்கு வந்தது. பால்கனியிலிருந்து மெஹர் நிஷா எட்டிப் பார்த்தாள். அடுத்த பால்கனிக்குப் பர்வதமும் வந்துவிட்டாள்.

“மச்சான், என்னாச்சு?”

“தரை தட்டிடுச்சு.”

“எறங்கி வந்துருங்களேன். வாத்தே நடக்குது.”

“ரூல் இல்ல.”

“கஸ்தூரி சார், வெயில்ல மண்டை காயறது” என்று பர்வதம் குரல் கொடுத்தாள். “இந்தக் கொடிக் கயித்த அவுத்துப் போடட்டுமா? பிடிச்சு இழுத்துண்டு வந்துருங்கோ.”

கஸ்தூரிரங்கன் இதை மொழிபெயர்த்தார். சபை நெருக்கடிக்கு ஆளானது. அகற்றுவதற்காகப் பாதிக் கை தூக்கப்பட்ட ஒரு கயிற்றிடம் உதவி வாங்கலாமா? வாங்கினால் அங்கீகரித்ததாக ஆகாதா? பொருளாளர் கமிட்டி அமைக்கலாம் என்றார். செயலாளர் அம்மாள், தனக்கு மயக்கம் வருகிறது, அதையும் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டார்.

கஸ்தூரிரங்கன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பால்கனிகளையே சிறிது நேரம் பார்த்தார். ஒரு முனையை மெஹர் நிஷா அவிழ்க்க, மறுமுனையைப் பர்வதம் எப்படி அவிழ்ப்பது என்று கத்திக் கத்திச் சொல்ல, இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைவர் அவர்களே” என்றார் அவர். “மூன்று அர்த்தத்தில் எந்த அர்த்தத்தை நாம் அனுமதித்தோம் என்று அனுமதிக் கடிதத்தில் நாம் தெளிவுபடுத்தவில்லை. தவறு கமிட்டியுடையது. அனுமதி அனுமதிதான். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.”

அனுமதி செல்லும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காது தக்காளி நிறத்தில் இருக்கும்போது மனிதர்கள் சீக்கிரம் ஒருமனதாவார்கள்.

கயிற்றின் ஒரு நுனியை மெஹர் நிஷா தோட்டத்துக் கம்பிவேலித் தூணில் முடிந்தாள். அடுத்த நுனியில், கிளிப் போடும் பையில் இரண்டு பாக்கெட் புளியை வைத்துக் கட்டி, பர்வதம் கரையிலிருந்து வீசினாள். முதல் வீச்சு வாத்தை எழுப்பியது. இரண்டாவது, காப்டன் தொப்பியைத் தட்டிவிட்டு மடியில் விழுந்தது. ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். என்ன காரணமோ, கஸ்தூரிரங்கன் வாயிலிருந்து ‘ஐலேசா’ வந்துவிட்டது. அன்றைய கூட்டக் குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘கட்டடத் தோற்றக் கமிட்டித் தலைவர் ஐலேசா என்று முன்மொழிந்தார். சபை பதினேழு முறை வழிமொழிந்தது.’

அவசரத்தில் மெஹர் நிஷா எல்லாத் துணியையும் எடுத்திருக்கவில்லை. கயிற்றோடு சேர்ந்து வந்த நீலக் கட்டம் போட்ட கைலி, படகின் ஒட்டுப்பலகை மூக்கில் சிக்கிக்கொண்டு பறந்தது. அப்படியே சினோரா டார்லீன் கரை சேர்ந்தது. தலைவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கைலிக்கு மறுபடி ஒரு சல்யூட் வைத்தார். இந்தமுறை தெரிந்தே வைத்தார்.

*

ஒரு நல்ல காரியம் ஹெச்.ஓ.ஏ. கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது செப்டம்பரில் தெரிந்தது. கைலிக்குத் தலைவர் சல்யூட் வைத்ததைக் கரையிலிருந்து யாரோ எடுத்த புகைப்படம் சங்கத்தின் செய்திமடலில் அட்டையில் வந்தது. பொருளாளரின் சகோதரி, இத்தாலிக்கு உண்மையிலேயே போய்வந்தவள், அங்கே எல்லா பால்கனியிலும் துணிதான் காய்கிறது என்று சொல்லிவிட்டாள். விதி 9.4 திருத்தப்பட்டது. குளத்தைப் பார்த்த ஒவ்வொரு பால்கனியிலும் இனிக் கட்டாயம் கொடி கட்ட வேண்டும். குறைந்தது ஐந்து துணி. வெள்ளை, நீலம், செம்மண் நிறங்கள் மட்டும். பனியனில் ஓட்டை இருந்தால் கமிட்டியின் முன்அனுமதி.

டிரையரைத் தவிர வேறெதையும் அறியாத ஜனங்கள் முனகிக்கொண்டே வெளியே வந்தார்கள். மூன்று வருஷமாகக் காருக்குள்ளிருந்து கையசைத்து மட்டும் பழகிய மூன்றாம் வீட்டு அம்மாள், எலாஸ்டிக் வைத்த படுக்கைவிரிப்பை எப்படிக் கொடியில் போடுவது என்று மெஹர் நிஷாவிடம் கேட்க வந்தாள். கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினொரு மணிக்குத் தெருவே பால்கனியில் நின்றது. மெஹர் நிஷாவுக்கு எல்லோரோடும் பேசி முடித்துவிட்டுச் சமைக்க நேரம் போதவில்லை. ஜைனுதீனுக்கு இரண்டு வாரமாக எலுமிச்சைச் சோறு.

அக்டோபரில் மழை வந்தது. ஒரு சனிக்கிழமை அவனுக்குக் கடிதம் வந்தது. நான்கு பக்கம். தொடர்ந்து மூன்று நாளாகத் தங்கள் கொடி காலியாக இருப்பதைக் கண்டு கமிட்டி கவலைப்படுகிறது. இணைப்பு அ: கயிறு, பொதுத் தோற்றம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தான். மழை விட்டிருந்தது. மெஹர் நிஷா பர்வதத்தோடு கடைக்குப் போயிருந்தாள். பால்கனிகளில் யாரும் இல்லை, இரண்டு வீடு தள்ளிக் கஸ்தூரிரங்கன் மட்டும் நின்றிருந்தார். கொடியில் ஒரு வேட்டி. அதை எடுத்து உதறினார். மறுபடி போட்டார். கிளிப்பை மாட்டினார், கழற்றினார், இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு மாற்றினார். உதறும்போது அது மொடமொடவென்று சத்தம் போட்டது. வேட்டியில் ஈரமே இல்லை.

ஜைனுதீன் கடிதத்தை மேசையில் வைத்தான். பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத துண்டு ஒன்றை எடுத்தான். குளியலறைக்குப் போய் வாளித் தண்ணீரில் அதை முக்கி, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தான்.

சும்மா போய் நிற்க முடியாதே.